திரை நூறு என்றால், எதில் நூறு?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் இந்தியர்கள் 6.7 விழுக்காடு. வானொலி விவாத நிகழ்ச்சிகளில் நேயர்கள் அழைத்து அடிக்கடி சொல்லும் எண் இது. "எதில் 6.7?" என்று ஒருவராவது கேட்கமாட்டாரா என்று நான் காத்துக்கொண்டே இருக்கிறேன். நாட்டின் மக்கள்தொகை அப்போது 32.4 மில்லியன். ஆனால் இனவாரி விழுக்காட்டைக் குடிமக்களை மட்டும் வைத்துப் போட்டார்கள். மக்கள்தொகையில் குடிமக்கள் 91.7 விழுக்காடு. மற்றவர்களையும் சேர்த்து வகுத்தால் குடிமக்களான இந்தியர்களின் பங்கு ஏறக்குறைய 6.1க்கு இறங்கிவிடும். நம்மில் ஒருவர்கூடக் குறையவில்லை. கீழே இருக்கும் எண்தான் மாறியது.

நெகிரி செம்பிலானில் இது இன்னும் நெருக்கமான விஷயம். இந்தியர்கள் எண்ணிக்கையில் அதிகமாக வாழ்வது சிலாங்கூரில். மாநில மக்களில் எவ்வளவு பங்கு என்று பார்த்தால் நெகிரி செம்பிலான் சிலாங்கூரை முந்திவிடும். லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் என்று பால்மரக் காலம் விட்டுச் சென்ற கணக்கு அது. இரண்டும் உண்மைதான். மேடையில் எதைச் சொல்வது என்பது பேசுகிறவரின் தேவையைப் பொறுத்தது.

காகிதத்தில் அச்சான எண் ஓர் இடத்தில் நிற்கும். இப்போது நாம் பார்ப்பது டேஷ்போர்டு. பள்ளிக் கூட்டம், தோட்ட அலுவலகம், கோவில் நிர்வாகம் எங்கும் திரையில் வண்ணக் கட்டங்கள். மாவட்டத்தைத் தட்டினால் எண் மாறும், ஆண்டைத் தட்டினால் மறுபடியும் மாறும். அதைச் செய்பவர்களில் பலர் நம் பிள்ளைகள். தாத்தா பால் வெட்டினார். பேத்தி சிரம்பானிலிருந்து கொமுட்டர் ஏறி கோலாலம்பூரில் பவர் பிஐ வேலை பார்க்கிறாள். அவளுக்கும், அவள் செய்த திரையைப் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

ஒரு மாவட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்று தமிழ்ப்பள்ளிகள். தோட்டத்தில் இரண்டு: ஒன்றில் 40 மாணவர், மற்றொன்றில் 60. பட்டணத்துப் பள்ளியில் 400. மொத்தம் 500 பேர். தோட்டப் பள்ளிகளின் பங்கு 20 விழுக்காடு. இதை ஒரு கட்டத்தில் காட்டிவிட்டு, மேலே 'தோட்டம்' என்ற வடிகட்டியைத் தட்டுகிறோம். கட்டம் 100 விழுக்காடு என்கிறது. கணினி பொய் சொல்லவில்லை. மேலே 100, கீழே 100. வடிகட்டி பட்டணத்துப் பிள்ளைகளை இரண்டு இடத்திலிருந்தும் வெளியே அனுப்பிவிட்டது.

பவர் பிஐயில் 'மெஷர்' என்னும் கணக்கு சேமித்து வைக்கப்படும் எண் அல்ல. ஒவ்வொரு கட்டத்திலும், அந்த நேரத்தில் அமலில் இருக்கும் வடிகட்டிகளுக்கு உட்பட்டு, புதிதாகப் போடப்படுவது. அந்த வடிகட்டிகளை மீற வேண்டுமானால் நாம்தான் எழுதிச் சொல்ல வேண்டும். அதற்கு 'கேல்குலேட்', அதனுள் 'ஆல்' அல்லது 'ரிமூவ்ஃபில்டர்ஸ்'.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். கீழே உள்ள எண்ணுக்கு அட்டவணை முழுவதையும் 'ஆல்' போட்டுத் திறந்துவிடுகிறார்கள். அட்டவணையில் ஐந்தாண்டுக் கணக்கு இருக்கிறது, ஆண்டுக்கு அதே 500 என்று வையுங்கள். 2024ஐத் தேர்ந்தெடுத்தால் மேலே 100, கீழே 2,500. தோட்டப் பள்ளிகளின் பங்கு 4 விழுக்காடு! பள்ளி வகை என்ற பத்தியின் வடிகட்டியை மட்டும் நீக்கி, ஆண்டையும் மாவட்டத்தையும் அப்படியே விட்டால் 20 திரும்பக் கிடைக்கும். பார்வையாளர் ஜெலுபு, ஜெம்போல் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த இரண்டுக்குள் ஒவ்வொன்றின் பங்கு என்ன என்று கேட்டால் அதற்கு 'ஆல்செலக்டட்' இருக்கிறது.

இன்னொரு குழி. 'தோட்ட மாணவர்' என்று ஒரு மெஷர் எழுதி, 'கேல்குலேட்'டுக்குள் பள்ளி வகை 'தோட்டம்' என்று நிபந்தனை வைக்கிறோம். அதைத் தோட்டம், பட்டணம் என்று இரண்டு வரிசை உள்ள அட்டவணையில் போட்டால் இரண்டிலும் 100 வரும். பட்டணத்து வரிசையில் தோட்டத்துப் பிள்ளைகள்! நாம் எழுதிய நிபந்தனை, அதே பத்தியில் ஏற்கெனவே இருந்த வடிகட்டியின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 'கீப்ஃபில்டர்ஸ்' சேர்த்தால் இரண்டும் ஒன்றாகச் செயல்படும். பட்டண வரிசை காலியாகும். காலியாக இருப்பதுதான் சரி.

அதற்காக எல்லாவற்றையும் வடிகட்டிக்கு எட்டாமல் பூட்டி வைக்கவும் கூடாது. நம் நாட்டில் 150 மாணவருக்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. கற்பனை மாவட்டத்தில் பள்ளிக்குச் சராசரி 167 பேர். இந்தச் சராசரியைப் பூட்டிவைத்தால் எவரும் கவலைப்பட வேண்டாம் என்று தோன்றும். தோட்டத்தைத் தட்டியதும் அது 50 ஆக இறங்க வேண்டும். பங்கு கேட்கும்போது அடி எண் அசையக்கூடாது, சராசரி கேட்கும்போது அசைய வேண்டும். எது எப்போது என்று மென்பொருள் முடிவு செய்யாது. அந்தக் கூட்டத்தில் பேசப்படுவது பேருந்து, ஆசிரியர் எண்ணிக்கை, பள்ளியை இடமாற்றும் யோசனை. 167ஆ 50ஆ என்பதில் இரண்டு பள்ளிகளின் வாழ்வு இருக்கிறது.

தோட்ட அலுவலகத்திலும் இதே கதை. செம்பனைக் கன்று நட்டு இரண்டரை ஆண்டு வாக்கில்தான் காய்க்கத் தொடங்கும். சுமார் 25 ஆண்டில் மறுநடவு. ஹெக்டருக்கு எத்தனை டன் குலை என்பதைக் காய்க்கும் பரப்பை வைத்துத்தான் வகுக்க வேண்டும். முழுப் பரப்பால் வகுத்தால், போன ஆண்டு மறுநடவு செய்த டிவிஷன் பட்டியலில் கடைசிக்குப் போய்விடும். அங்கே குலை வெட்டுபவர்கள் சோம்பேறிகள் என்று பெயர் வாங்குவார்கள். பரப்பு மாதா மாதம் பதிவாகியிருந்து, ஆண்டு முழுவதற்கும் அதைக் கூட்டிவிட்டால் 1,000 ஹெக்டர் 12,000 ஆகும். இப்படி வளர்ந்த தோட்டத்தை யாரும் கண்டதில்லை. பெரட்டில் ஆள் எண்ணிய பழைய மண்டோருக்கு இது புதிதல்ல: சராசரி, வந்தவர்களுக்கா பேர் பதிந்தவர்களுக்கா?

நான் பரிந்துரைப்பது ஒரு சின்ன வேலை. கட்டத்தின் தலைப்பையே ஒரு மெஷராக எழுதலாம். வடிகட்டிக்கு ஏற்ப அது மாறும். "2024, தோட்டப் பள்ளிகள்: 500 பேரில் 100 பேர்" என்று திரையிலேயே தெரிந்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கடைசி நாற்காலியில் இருப்பவரும் கை தூக்கிக் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் எந்த வாய்பாடும் தீர்க்காது. பள்ளிப் பெயரில் 'லாடாங்' இருந்தால் தோட்டப் பள்ளி என்று வடிகட்டுகிறார்கள். தோட்டம் போய்த் தாமான் வந்த பிறகும் பெயரை விடாத பள்ளிகள் உண்டு. அங்கே படிக்கும் பிள்ளைகள் அடுக்குமாடியிலிருந்து வருகிறார்கள். எது இன்றும் தோட்டத்துக்குள் இருக்கிறது என்று ஒவ்வொரு பள்ளியாகப் பார்த்துத் தனிப் பத்தியில் யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். இந்த மாநிலத்தில் அறுபது சொச்சம் தமிழ்ப்பள்ளிகள்தான். விவரம் தெரிந்த நான்கு பேர் சேர்ந்தால் ஒரு சனிக்கிழமை மாலையில் முடிந்துவிடும்.