தொண்ணூறு சுற்றுகள்

எல்கடுவத் தேயிலை மலைகளில் மூடுபனி விலகி வானம் தெளியும் இரவில், விண்மீன்களை நோக்கும் மாணாக்கன் உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது. அறிவியலுக்கு வித்து அதுவே, கதைக்கும் அதுவே.

இவ்விரண்டையும் தம் வாழ்வோடு பிணைத்தவர் ஆதர் சி. கிளார்க். இங்கிலாந்திற் பிறந்து, 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். எல்கடுவவுக்குரிய இதே மாத்தளை மாவட்டத்துச் சிகிரியாக் குன்றையும் சிவனொளிபாத மலையையும் மாதிரியாகக் கொண்டு, விண்ணுக்கு ஏறும் மின்தூக்கியைப் பற்றி 1979இல் ஒரு புதினம் படைத்தார். நிலநடுக்கோட்டில்தான் அது அமைய வேண்டும் என்பது அறிவியல். அதன்பொருட்டு இலங்கையையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தியது கதைஞரின் துணிவு!

2007 டிசம்பரில், தொண்ணூறாம் பிறந்த நாளையொட்டிக் கொழும்பிலிருந்து உரையாற்றினார். தம் அகவையைக் கதிரவனைத் தொண்ணூறு முறை சுற்றிவந்த பயணமெனக் குறித்தார். மூன்று ஆசைகளையும் வெளியிட்டார்: பிற உலகில் உயிருண்டு என்பதற்குச் சான்று, எண்ணெயை நம்பியிராத தூய ஆற்றல், இலங்கையில் நிலையான அமைதி. விரும்புவதால் மட்டும் அமைதி வாராது, உழைப்பும் துணிவும் விடாமுயற்சியும் வேண்டும் என்றார். எல்லாவற்றினும் மேலாக, எழுத்தாளராகவே தாம் நினைக்கப்பட விழைந்தார்.

2008 மார்ச் 19இல் அவர் மறைந்தார். துப்பாக்கிகள் ஓய்ந்ததோ 2009 மே மாதத்தில். தொலைத்தொடர்புச் செய்மதிகளின் பாதையை 1945இலேயே எழுதிக் காட்டியவருக்கும், தாம் வாழ்ந்த மண்ணில் போர் ஓயும் நாளைக் காணும் பேறு வாய்க்கவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, அறிவியலைக் கதையாகச் சொல்லுங்கள். அக்கதையில் நம் மண்ணின் ஏக்கமும் ஒலிக்கட்டும்.