வைப்பை முடிக்க வந்தவர்

ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்ட போர்ட் பிளேரில் உள்ள எங்கள் கிளைக்கு, மழைக்காலத்தில் ஒருநாள் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டார். வட்டி குறையும் என்று விளக்கினோம். "பரவாயில்லை சார், எனக்கு மனச்சோர்வு நோய். கைபேசியில் கேள்விகளுக்குப் பதில் போட்டுப் பார்த்ததில் தெரிந்தது. இணையவழிச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டும்" என்றார். மருத்துவர் எவரையும் அவர் பார்த்திருக்கவில்லை. (அவருடைய ஒப்புதலோடுதான் இதனை எழுதுகிறோம்.)

அவர் காட்டியது பி.எச்.கியூ-9 எனும் ஒன்பது வினாக்கள் கொண்ட படிவம். கடந்த இரண்டு வாரங்களின் உறக்கம், பசி, சோர்வு, நாட்டமின்மை முதலியவற்றைக் கேட்டு, 27 வரை மதிப்பெண் தரும். மருத்துவர்களும் பயன்படுத்தும் நல்ல கருவிதான். ஆனால் அது சல்லடை மட்டுமே. சோர்வு எங்கிருந்து வந்தது என்பதை அது அறியாது. தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, வைட்டமின் பி12 பற்றாக்குறை ஆகியவற்றிலும் அதே விடைகள் வரக்கூடும். இருமுனைக் கோளாறு உடையவரும் சோர்வுக் கட்டத்தில் அதே மதிப்பெண்ணைப் பெறலாம்; அவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால், மிகையெழுச்சி நிலைக்குத் தள்ளிவிடும் அபாயம் உண்டு.

துயரத்தையும் நோயையும் பிரித்தறிவது எத்துணைக் கடினம் என்பதை இத்தீவுகள் கண்டிருக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், முகாம்களில் பலருக்கு உறக்கமில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் குழுவினர் இங்கு வந்து பணியாற்றினர். குறிப்பிடத்தக்க மனநலச் சிக்கல் உடையோர் அத்தொடக்கக் காலத்தில் நூற்றுக்கு 5 முதல் 8 பேர் என்று அவர்கள் பதிவு செய்தனர். ஏனையோர் பலருக்கு இருந்தது இழப்பின் துயரமும் அச்சமும். அழுகை இரு சாராருக்கும் பொதுவாகவே இருந்தது; மருந்து யாருக்கு வேண்டும் என்பதைப் பயின்றவர்களே கண்டு சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் தொழில் சார்ந்த செய்தி ஒன்றும் உண்டு. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வழங்கப்பட வேண்டும் என்கிறது. இழப்பீடு கோரும்போது காப்பீட்டு நிறுவனம் கேட்பது மருத்துவரின் ஆவணங்களையே. கைபேசித் திரையின் படம் அங்கே செல்லாது.

நிபுணரைக் காணக் கப்பலேற வேண்டிய தீவுகளில் வாழ்வோருக்கு இதெல்லாம் எளிதா என்று கேட்கலாம்; நியாயமான கேள்வி. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அவ்வாடிக்கையாளர் ஒரு வாரம் பொறுக்க இசைந்து, அரசு மருத்துவமனைக்குச் சென்றார். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு தெரிந்தது. தமக்கு ஏதோ சரியில்லை என்று அவர் உணர்ந்தது பிழையன்று, பெயர்தான் பிழை. மாத்திரைக்குப் பின்னும் மனச்சோர்வு எஞ்சுகிறதா என்று பார்க்க, மருத்துவர் அவரை மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார். வைப்பு எங்களிடமே இருக்கிறது, மார்ச்சில் முதிர்கிறது.