கல்வி உதவி மனுவுக்கு மார்க் போடுவது யார், எப்படி?



“நாங்களும்தான் மனு கொடுத்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது, எங்கள் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. எதைப் பார்த்து மார்க் போடுகிறீர்கள்?” கல்லூரிகள் திறக்கும் நாட்களில் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. இதற்கு நாங்கள் முழுமையாகப் பதில் சொன்னதில்லை. சொல்லும்படியான ஒரு முறையும் எங்களிடம் இருக்கவில்லை. இந்த ஆண்டு மனுக்களைப் பரிசீலிப்பவர்களுக்கென ஒரு மதிப்பீட்டுப் படிவம் தயாரித்திருக்கிறோம். அதில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்லிவிடுவது எங்கள் கடமை.

சென்ற ஆண்டு வரை மூன்று பேர் ஒரே மேசையில் அமர்ந்து மனுவைப் படித்து, ஓரத்தில் 1 முதல் 5 வரை ஓர் எண் எழுதுவார்கள். 5தான் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தோம். ஒருவர் மட்டும் பள்ளிக்கூடத்து ரேங்க் கணக்கில், முதலில் உதவ வேண்டிய பிள்ளைக்கு 1 போட்டிருக்கிறார். வாப்பாவை இழந்த ஒரு நர்ஸிங் மாணவியின் மனு அதனால் பட்டியலின் அடிக்குப் போய்விட்டது. கடைசி நாளில் அவரே பட்டியலைப் பார்த்து, “அந்தப் பிள்ளை எங்கே?” என்று கேட்டதால்தான் விஷயம் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ், அந்த உதவி போய்ச் சேர்ந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் ஆராய்ச்சி நிதி கேட்டு வரும் மனுக்களுக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுகின்றன. அங்கேயும் 1தான் மிக உயர்ந்தது. எது உயர்வு என்று தாளில் எழுதி வைக்காதது எங்கள் தவறு.

முந்தைய ஆண்டுகளிலும் யாராவது இப்படி விடுபட்டார்களா என்று பழைய கோப்புகளைப் புரட்டினோம். வெறும் எண்கள்தான் இருந்தன, காரணம் ஒரு வரிகூட இல்லை. கண்டுபிடிக்க முடியவில்லை. அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக.

புதிய படிவத்தின் முதல் பக்கத்தில் மதிப்பெண்ணே கிடையாது. ஆம், இல்லை மட்டும்தான். கல்லூரியில் சேர்ந்த சான்று இருக்கிறதா? குடும்பம் ஜகாத் பெறத் தகுதியானதா? அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஜகாத்துக்கு உரிய எட்டுப் பிரிவினரைக் குறிப்பிடுகிறது. அதற்கு வெளியே அந்தப் பணத்தைக் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை. முன்பு இதையும் மதிப்பெண்ணோடு கலந்து வைத்திருந்ததால், பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த பிள்ளை என்றால் தகுதிக் கேள்வி மறந்தே போகும். இப்போது “இல்லை” என்று வந்தால் மனு தள்ளப்படாது, ஸதகா நிதியின் கோப்புக்கு மாறும். சகோதர சமுதாயப் பிள்ளைகளின் மனுக்களும் அந்தக் கோப்பில்தான் பரிசீலிக்கப்படும்.

இரண்டாம் பக்கம் தேவை பற்றியது. இதற்குத்தான் அதிக நேரம் செலவிட்டோம். “மிகவும் ஏழை – 5” என்று எழுதினால் ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வோர் ஏழை வருகிறார். ஓட்டு வீட்டைப் பார்த்தாலே ஏழை என்பார் ஒருவர். ஃபிரிட்ஜ் இருந்தால் ஏழை இல்லை என்பார் இன்னொருவர். ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில் ஃபகீருக்கும் மிஸ்கீனுக்கும் ஒரு கணக்கு சொல்வார்கள், மதரஸாவில் ஓதியவர்களுக்கு நினைவிருக்கும்: பத்து தேவைப்படும் இடத்தில் இரண்டோ மூன்றோ உள்ளவர் ஃபகீர், ஏழோ எட்டோ உள்ளவர் மிஸ்கீன். வருமானம் எவ்வளவு என்பதை மட்டும் பார்க்காமல், தேவையில் எவ்வளவு பங்கு நிறைவேறுகிறது என்று பார்க்கும் கணக்கு இது. அதையே எடுத்துக்கொண்டோம். கட்டணம், விடுதி, பஸ் செலவு எல்லாம் சேர்த்து, குடும்பத்தால் பாதிகூடக் கட்ட முடியாது என்றால் 5. பாதிக்கு மேல் முடியும், ஆனால் முழுதும் முடியாது என்றால் 3. தவணை கிடைத்தால் கட்டிவிடுவார்கள் என்றால் 1. முதல் பட்டதாரி சலுகை, புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் போன்றவை கிடைத்தால் அவற்றைக் கழித்துவிட்டே கணக்கிட வேண்டும்.

“ஏன் உதவி தேவை என்று ஒரு கடிதம் எழுதவும்” என்ற பகுதியை எடுத்துவிட்டோம். பிரவுசிங் சென்டரில் எழுதி வாங்கிய கடிதம் கண்ணீர் வரவழைக்கும். வெட்கப்பட்டு நான்கு வரி எழுதிய உம்மாவின் கடிதம் மார்க் வாங்காது. கேட்கக் கூச்சப்படுவதால் வசதியானவர் என்று பிறர் எண்ணிவிடும் ஏழைகளைப் பற்றி அல்பகரா 273ஆம் வசனம் பேசுகிறது. அவர்களைத் தோற்கடிக்கும் ஒரு கேள்வியை நாமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

படிவத்தை அச்சடிக்கும் முன், பழைய மனுக்கள் ஐந்தை எடுத்து மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தோம். தேவைக்கான மதிப்பெண்கள் ஏறக்குறைய ஒத்து வந்தன. “மாணவரின் ஒழுக்கம்” என்ற கேள்வியில் மட்டும் ஒரே பையனுக்கு ஒருவர் 5, மற்றவர் 1. விசாரித்தால் இருவரும் அவனை நேரில் பார்த்ததே இல்லை, தெருவில் கேள்விப்பட்டதுதான். அந்தக் கேள்வியை நீக்கினோம். பெரியவர்கள் சிலருக்கு இதில் வருத்தம். அவர்கள் மீது எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் கேள்விப்பட்டதற்கு மார்க் போட முடியாது.

நம் மஹல்லாவில் யாருக்கு யார் மாமா, யாருக்கு யார் மச்சான் என்று எண்ணி மாளாது. எனவே மனுவில் பெயருக்குப் பதில் எண் இருக்கும். வீட்டுக்குப் போய் விசாரிப்பவர் மார்க் போடமாட்டார். எண்ணை வைத்தே ஆள் யார் என்று தெரிந்துவிட்டால், உறவு என்ற கட்டத்தில் டிக் செய்து மனுவைத் திருப்பித் தர வேண்டும். ஒவ்வொரு மனுவையும் இருவர் அவரவர் வீட்டிலேயே பார்த்து, ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் கீழே இரண்டு வரி காரணம் எழுதி, மூடிய உறையில் தர வேண்டும். ஒன்றாக உட்கார்ந்தால் மூத்தவர் சொன்ன எண்ணையே மற்றவரும் எழுதிவிடுகிறார். இருவருக்கும் இரண்டு மதிப்பெண் வித்தியாசம் இருந்தால் சராசரி எடுக்கமாட்டோம், மூன்றாமவர் படிப்பார். கமிட்டி கூட்டுத்தொகையை மீறி முடிவெடுக்கலாம், ஆனால் மினிட் புத்தகத்தில் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

உதவி கிடைக்காத குடும்பத்தினர் அலுவலகத்துக்கு வந்து தங்கள் மனுவின் படிவத்தைப் பார்க்கலாம். பரிசீலித்தவரின் பெயர் மட்டும் மறைக்கப்பட்டிருக்கும். பெண் பிள்ளைகளின் மனுக்களைப் பார்க்கப் பெண் பரிசீலகர்கள் போதவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியைகள், கணக்குத் தெரிந்த சகோதரிகள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். ஒரு மாலை நேரம் போதும், படிவத்தை எப்படி நிரப்புவது என்று பழைய மனுக்களை வைத்து இன்ஷா அல்லாஹ் காட்டித் தருவோம்.