காயலான் கடையில் கிடைத்த ராஜா!

சைக்கிள் வைத்திருக்கும் சில அண்ணன்களைப் பார்த்திருப்பீர்கள். வாங்கிய மறுமாதமே மட்கார்டைக் கழற்றி விடுவார்கள். அடுத்து கேரியர் போகும், செயின் கவர் போகும். "ஏண்டா இப்படி மொட்டையாக்கி வச்சிருக்கே?" என்று வீட்டில் கேட்டால், "வெயிட் குறைஞ்சா வேகமா போகும்" என்று பதில் வரும். மழை நாளில் முதுகெல்லாம் சேறு தெறிக்கும்... அது வேறு விஷயம்!

இதே வேலையைக் காரில் செய்த பையன்களைப் பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம், குட்டீஸ்.

இடம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். காலம், 1930களும் 1940களும். பழைய கார் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்குவார்கள். மட்கார்டு, பம்பர், பானெட் என்று எதெல்லாம் இல்லாமல் ஓடுமோ, அதையெல்லாம் கழற்றிப் போடுவார்கள். இன்ஜினைப் பிரித்து மேய்ந்து, இன்னும் வேகமாக ஓட வைப்பார்கள். இப்படி உருமாறிய கார்களுக்கு 'ஹாட் ராட்' என்று பெயர்.

அமெரிக்காவில் அப்போது எத்தனையோ கம்பெனிகள் கார் செய்தன. ஆனால், ஹாட் ராட் பையன்கள் தேடித்தேடிப் போனது பெரும்பாலும் ஒரே கம்பெனியின் கார்களை... ஃபோர்டு! சென்னை அருகே மறைமலை நகரில் 2022 வரை கார் தயாரித்தார்களே, அதே ஃபோர்டுதான். அதிலும், 1932ம் ஆண்டு மாடல் என்றால் உயிரையே விடுவார்கள். அதற்கு 'டியூஸ்' என்று செல்லப் பெயர் கூட உண்டு. சீட்டுக்கட்டில் 2 என்ற எண் உள்ள சீட்டை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். 1932ல் கடைசி எண் 2 அல்லவா? அதனால் வந்த பெயர்.

சரி, அந்தக் காருக்கு மட்டும் ஏன் இவ்வளவு மவுசு? உலகிலேயே சிறந்த காரா அது? இல்லவே இல்லை!

அந்தக் காலத்தில் பணக்காரர்கள் டியூசன்பர்க் என்ற கார் வாங்கினார்கள். 265 குதிரைத்திறன் என்று கம்பெனி பெருமையாகச் சொல்லிக் கொண்ட கார். 1929ல் அதன் சேஸிஸும் இன்ஜினும் மட்டும் 8,500 டாலர். மேலே உட்கார உடல்பகுதி வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும்! ஃபோர்டின் 1932 மாடல், 'ரோட்ஸ்டர்' எனப்படும் திறந்த கார் வடிவத்தில் வெறும் 460 டாலர். யோசித்துப் பாருங்கள்... பட்டறையில் வேலை பார்க்கும் 18 வயதுப் பையனின் கைக்கு எது எட்டும்? அதுவும் புதிது அல்ல. நாலைந்து பேர் ஓட்டித் தேய்த்து, காயலான் கடை வாசலுக்கு வந்த பிறகு!

ஃபோர்டு கார்களுக்குப் பஞ்சமே இல்லை. 1908ல் இருந்து 1927 வரை 'மாடல் டி' என்ற கார் மட்டும் 1 கோடியே 50 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளியிருந்தார்கள். அடுத்து வந்த 'மாடல் ஏ' கார்களும் லட்சக்கணக்கில் ஓடின. ஊருக்கு ஊர், சந்துக்குச் சந்து ஃபோர்டுதான்.

எடிசன் பட்டறையில் ரகசியம்

1932ல் ஹென்றி ஃபோர்டு ஒரு வேலை செய்தார். அப்போது அவருக்கு வயது 68. அமெரிக்காவில் கடும் பொருளாதார வீழ்ச்சி. கார் வாங்க ஆளில்லை. போட்டிக் கம்பெனியான ஷெவர்லே, ஆறு சிலிண்டர் இன்ஜினோடு 1929லேயே வந்து விட்டது. ஃபோர்டிடம் இருந்ததோ நான்கு சிலிண்டர். அடுத்து ஆறு சிலிண்டர்தானே செய்வார் என்று எல்லாரும் நினைக்க, அவர் எட்டுக்குத் தாவி விட்டார்!

எட்டு சிலிண்டர்களை நான்கு நான்காகப் பிரித்து, ஆங்கில எழுத்து 'வி' போலச் சாய்த்து வைப்பதற்கு 'வி-8' என்று பெயர். இந்த வகை இன்ஜின் புதிதல்ல. காடிலாக் கம்பெனி 1914லேயே செய்தது. ஆனால், அது பணக்காரர்களின் கார். தனித்தனித் துண்டுகளாக வார்த்து, பிறகு போல்ட் போட்டு இணைப்பார்கள். செலவு அதிகம். இன்ஜின் பிளாக் முழுவதையும் ஒரே வார்ப்பாக வார்க்க வேண்டும், அதையும் லட்சக்கணக்கில் வார்க்க வேண்டும் என்றார் ஹென்றி. அவருடைய நண்பர் தாமஸ் ஆல்வா எடிசனின் பழைய ஆய்வுக்கூடம் ஒன்றை, அப்படியே பெயர்த்துக் கொண்டு வந்து டியர்பார்ன் நகரில் வைத்திருந்தார். அதற்குள்தான் சில இன்ஜினியர்கள் ரகசியமாக இந்த வேலையைத் தொடங்கினர். ஆரம்பத்தில் வார்த்ததில் ஏராளமானவை விரிசல் விட்டு வீணாயின. மனிதர் விடவில்லை!

1932 மார்ச் 31ம் தேதி கார் வெளிவந்தது. 65 குதிரைத்திறன். இன்று நம் தெருவில் ஓடும் சின்னக் கார்களின் திறனும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால், எடை சுமார் ஒரு டன் மட்டுமே உள்ள காரில் அப்போது இது பெரிய விஷயம்.

இந்த இன்ஜினை 'தட்டைத் தலை' இன்ஜின் என்பார்கள். காற்றும் பெட்ரோல் ஆவியும் உள்ளே வர, புகை வெளியே போக, கதவு போலத் திறந்து மூடும் வால்வுகள் உண்டல்லவா? அவை எல்லாம் அடியில் பிளாக்கிலேயே இருக்கும். மேலே இருப்பது டிபன் பாக்ஸ் மூடி போல ஒரு தட்டையான மூடிதான். ஒரு பக்கத்துக்கு 21 நட்டுகள். ஸ்பேனரால் கழற்றினால் மூடி கையோடு வந்து விடும். பெரிய படிப்பு வேண்டாம், பெரிய கருவி வேண்டாம். வீட்டு ஷெட்டில் உட்கார்ந்தே பிரித்து மாட்டலாம்.

குறை இல்லாமல் இல்லை. சுடச்சுட புகை வெளியேறும் வழியும் பிளாக்குக்கு உள்ளேயே போனதால், இன்ஜின் சீக்கிரம் சூடேறும். ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்து, ஆவி பறக்க சாலையோரம் நின்ற ஃபோர்டுகள் ஏராளம்!

ஷெவர்லே ஏன் தோற்றது?

இங்கே ஒரு கேள்வி வர வேண்டுமே... 1932 ஷெவர்லேயின் சக்தி 60 குதிரைத்திறன். ஃபோர்டை விட 5தான் குறைவு. விலையும் ஏறக்குறைய அதேதான். அப்படியானால் அதை ஏன் யாரும் சீண்டவில்லை?

காரணம்... மரம்!

ஷெவர்லே காரின் உடல்பகுதிக்கு உள்ளே மரச்சட்டம் இருந்தது. அதன் மேல்தான் இரும்புத் தகட்டைப் போர்த்தி இருந்தார்கள். புதிதாக இருந்தபோது நன்றாகத்தான் இருந்தது. பத்து வருடம் மழையில் நனைந்த பிறகு? மரம் உளுத்துப் போய், கதவுகள் தொங்க ஆரம்பித்தன. ஃபோர்டிலும் கொஞ்சம் மரம் உண்டு. ஆனால் பெரும்பகுதி இரும்புத் தகடு. நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம், வெட்டி ஒட்டலாம். பழைய காரை வாங்குகிறவனுக்கு இதுதான் முக்கியம்.

இன்னொரு காரணம், ஹென்றி ஃபோர்டின் பிடிவாதம். குறுக்காக வைத்த ஒற்றைப் பட்டை ஸ்பிரிங் முறையை மாடல் டி காலத்தில் இருந்து 1948 வரை அவர் கம்பெனி மாற்றவே இல்லை. மற்றவர்கள் கேலி செய்தார்கள். ஆனால், அதனால் ஒரு வருடத்துக் காரின் சாமான் இன்னொரு வருடத்துக் காரில் பொருந்தியது. 1939ல்தான் ஃபோர்டு கார்களுக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்தது. பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? காயலான் கடையில் 1939 காரின் பிரேக்கைக் கழற்றி, 1932 காரில் மாட்டி விட்டார்கள்! அதே கம்பெனியின் மெர்குரி காரில் 95 குதிரைத்திறன் இன்ஜின் வந்ததும், அதுவும் 1932 காருக்குள் போய் உட்கார்ந்து கொண்டது. உங்கள் பழைய ஜியாமெட்ரி பாக்ஸில் அண்ணனின் காம்பஸும் அக்காவின் ஸ்கேலும் பொருந்துவது போல!

ஃபோர்டு ஓட்டுபவர்கள் அதிகம் என்பதால், ஃபோர்டுக்கென்றே வேகச் சாமான் செய்யும் பட்டறைகள் முளைத்தன. அந்தச் சாமான்கள் கிடைக்கின்றன என்பதாலேயே இன்னும் பலர் ஃபோர்டு வாங்கினர். கோழியா, முட்டையா கதைதான். லாஸ் ஏஞ்சலஸில் கார் பட்டறை வைத்திருந்த விக் எடல்பிராக், இரண்டு கார்புரேட்டர் மாட்டும் குழாய் அமைப்பை 1938ல் செய்தார். மாட்டிப் பார்த்தது தன்னுடைய 1932 ஃபோர்டில்தான். 1941ல் அந்தக் கார் மணிக்கு சுமார் 195 கிலோ மீட்டர் வேகம் தொட்டது! எடல்பிராக் பெயரில் இன்றும் கார்புரேட்டர்கள் விற்கின்றன.

இவ்வளவு வேகத்தை எங்கே ஓட்டிப் பார்ப்பது? மொஹாவி பாலைவனத்தில் முரோக், எல் மிராஜ் என்று வற்றிய ஏரிகள் உண்டு. தண்ணீரே இல்லாமல், மைல் கணக்கில் சிமென்ட் தரை போல நீண்டு கிடக்கும். வார இறுதியில் காரை ஓட்டிக்கொண்டே அங்கே போவார்கள். விளக்கையும் முன் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டுப் பறப்பார்கள். திரும்ப எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, திங்கட்கிழமை அதே காரில் வேலைக்குப் போவார்கள்!

ஆனால் அது விளையாட்டல்ல. ஆரம்பத்தில் பல கார்கள் ஒன்றாகப் பாய்ந்தன. முதலில் போகும் காருக்கு மட்டும்தான் வழி தெரியும். பின்னால் வருகிறவருக்குப் புழுதி மட்டுமே தெரியும். மோதல்கள் நடந்தன. 1937ல் கிளப்புகள் சேர்ந்து தெற்கு கலிபோர்னியா டைமிங் சங்கத்தைத் தொடங்கின. பிறகு ஒவ்வொரு காராக விட்டு, கடிகாரத்தோடு போட்டி போட வைத்தனர்.

இரண்டாம் உலகப்போர் 1945ல் முடிந்தது. விமானத்தையும் டாங்கியையும் பழுது பார்த்துப் பழகிய இளைஞர்கள் ஊர் திரும்பினர். அவர்களில் பில் பர்க் என்பவர், போர் விமானத்தில் கூடுதல் பெட்ரோல் கொண்டு போகும் கூம்பு டாங்க்கைப் பழைய சாமானாக வாங்கி, சக்கரம் மாட்டி, ஃபோர்டு வகை வி-8 இன்ஜினை வைத்து 1946ல் பந்தயக் காரே செய்து விட்டார்!

எல்லாரும் ஏரிக்குப் போகவில்லை. சிலர் இரவில் ஊர்ச் சாலையிலேயே பந்தயம் விட்டார்கள். உயிர்கள் போயின. 'ஹாட் ராட்' என்றாலே ரவுடி என்று ஊர் பேசியது. அதனால் 1951ல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். பந்தயத்தைத் தெருவில் இருந்து அப்புறப்படுத்தி, தனிப் பாதைக்குக் கொண்டு போவதுதான் அதன் முதல் வேலை.

கதையில் பெரிய வேடிக்கை இனிமேல்தான். 1953ம் ஆண்டோடு அமெரிக்காவில் தட்டைத் தலை இன்ஜினை ஃபோர்டு நிறுத்தியது. 1955ல் ஷெவர்லே புதிய வி-8 இன்ஜின் கொண்டு வந்தது. சிறியது, மலிவானது, ஆரம்பமே 162 குதிரைத்திறன்! பையன்கள் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. ஃபோர்டு இன்ஜினைத் தூக்கி எறிந்துவிட்டு, ஷெவர்லே இன்ஜினை மாட்டிக் கொண்டனர். 1973ல் ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய 'அமெரிக்கன் கிராஃபிட்டி' படத்தில் புகழ் பெற்ற மஞ்சள் நிற 1932 ஃபோர்டின் வயிற்றிலும் இருப்பது ஷெவர்லே இன்ஜின்தான்!

ஆனால் உடல்பகுதியை மட்டும் யாரும் மாற்றவில்லை. மட்கார்டைக் கழற்றினால் மற்ற கார்கள் இறகு பிடுங்கிய கோழி போல இருக்கும். டியூஸோ, பக்கவாட்டில் அழகாக வளையும் சேஸிஸும், நிமிர்ந்து நிற்கும் முன்புறக் கிரில்லுமாக, முன்னை விட ஜோராக இருக்கும். இந்த வடிவம் அந்த ஒரு வருடம் மட்டும்தான் வந்தது. 1933ல் ஃபோர்டு வேறு வடிவத்துக்குப் போய்விட்டது. 2014ல் அமெரிக்கத் தபால் துறை ஹாட் ராட் தபால் தலைகள் வெளியிட்டபோது, அதில் அச்சிட்டதும் 1932 ஃபோர்டைத்தான்.

பழைய கார்களை இப்படி வெட்டி ஒட்டித் தீர்த்துவிட்டதால், நல்ல அசல் கார் இன்று கிடைப்பது கஷ்டம். காயலான் கடைப் பையன்களின் கார், இப்போது பணக்காரர்கள் ஏலத்தில் எடுக்கும் கார்! கிடைக்காதவர்களுக்காக, அதே அளவில் புது இரும்பு உடல்பகுதிகளை அமெரிக்காவில் செய்து விற்கிறார்கள். சேஸிஸும் புதிது, கிரில்லும் புதிது. எல்லாவற்றையும் சேர்த்து மாட்டினால், 1932ல் செய்த ஒரு நட்டு கூட இல்லாத 1932 ஃபோர்டு தயார்!