பழைய சிபேப் மெஷின் வாங்கலாமா? அப்பாவுக்கு வாங்கியபோது கத்துக்கிட்டது

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் ரெண்டு தடவை சொன்னதை எல்லாம் எடுத்துட்டு, மத்தபடி பேசின மாதிரியே விட்டிருக்கேன்.)

வழக்கமா இங்க சாஃப்ட்வேர் பத்திதான் பேசுவேன். இன்னைக்கு ஒரு ஹார்ட்வேர் கதை. என் அப்பா தூங்கறதுக்காக வாங்கின மெஷின்.

அப்பா ஈரோட்ல மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருக்கார். குறட்டை எங்க வீட்ல ரொம்ப நாள் ஜோக்காதான் இருந்துச்சு. ஒருநாள் அம்மா போன்ல சொன்னாங்க: "குறட்டை வந்தா பயமில்ல கண்ணு. குறட்டை நின்னாதான் பயமா இருக்குது. மறுபடி மூச்சு வர்ற வரைக்கும் எண்ணிட்டு கெடக்கறேன்." அடுத்த வாரமே அப்பா மொபெட்ல சிக்னல்ல நின்னபடியே கண் அசந்து சாய்ஞ்சிட்டார். நல்லவேளை, பின்னாடி பஸ் எதுவும் இல்ல.

ஸ்லீப் ஸ்டடி எடுத்தோம். ஏ.ஹெச்.ஐ. 42. அதாவது மணிக்குச் சராசரியா 42 தடவை, பத்து விநாடியோ அதுக்கு மேலயோ மூச்சு நின்னுடுது, இல்லன்னா ரொம்பக் குறைஞ்சிடுது. 5-க்குக் கீழே இருந்தா நார்மல், 30-ஐ தாண்டினா தீவிரம். டாக்டர் மெஷின் எழுதிக் கொடுத்தார். கடையில விலை கேட்டோம்: அறுபத்தஞ்சாயிரம். அப்பா எந்திரிச்சிட்டார். "தூங்கறதுக்கு அறுபத்தஞ்சாயிரமாங்க?"

வெளியே வந்ததும் அவரே சொன்னார்: "உள்ள என்ன, ஒரு மோட்டாரும் ஃபேனும்தானே கண்ணு? பழசு கிடைக்குமான்னு பாரு."

மெஷின் உண்மையில் என்ன செய்யுது?

அப்பா சொன்னது பாதி சரி. பேப்பர் ஸ்ட்ரா ஜூஸ்ல ஊறினப்புறம் உறிஞ்சினா, ரெண்டு பக்கமும் ஒட்டிக்கும் இல்லையா? தூக்கத்துல தொண்டைத் தசை தளர்ந்ததும் சிலருக்கு மூச்சுக்குழாயோட மேல்பகுதி அப்படித்தான் ஒட்டிக்குது. சிபேப் மெஷின் மாஸ்க் வழியா தொடர்ந்து காத்தை லேசான அழுத்தத்துல அனுப்பி, உள்ளேயிருந்து முட்டுக் கொடுக்குது. அது ஆக்ஸிஜன் கொடுக்கிற மெஷின் இல்ல, சாதாரண ரூம் காத்துதான். ஆஸ்திரேலியாவுல காலின் சல்லிவன் குழு 1981-ல ஐந்து நோயாளிகள்கிட்ட இது வேலை செஞ்சதை லான்செட் இதழ்ல எழுதினாங்க. இன்னைக்கும் அடிப்படை அதேதான். அழுத்தம் பொதுவா 4-லிருந்து 20 சென்டிமீட்டர் தண்ணீர் அளவு வரை.

முதல் பாடம்: பெயரைப் படிங்க

முதல்ல பார்க்கப் போன மெஷினை விக்கிறவர் "பைபேப் சார், எல்லாம் ஒண்ணுதான்" என்றார். ஒண்ணு இல்ல. சிபேப் ஒரே அழுத்தத்தில் ஓடும். ஆட்டோ சிபேப் கொடுத்த எல்லைக்குள்ள மூச்சைப் பார்த்து அழுத்தத்தை மாத்திக்கும். பைபேப் மூச்சை இழுக்கும்போது ஒரு அழுத்தம், விடும்போது அதைவிடக் குறைஞ்ச அழுத்தம் கொடுக்கும். அது வேற தேவைக்கு. வெளித் தோற்றத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க: ஏர்சென்ஸ் 10 வரிசையில எலைட்டும் ஆட்டோசெட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா எலைட் நிலையான அழுத்தம், ஆட்டோசெட்தான் ஆட்டோ. டாக்டர் சீட்டுல என்ன எழுதியிருக்கோ அதே வகையைத் தேடுங்க.

அதே ஆள் மெஷினோட ஒரு மாஸ்க்கும் கொடுத்தார், நீல நிற முழங்கையோட. கோவிட் இரண்டாம் அலையில வாங்கினதாம். அது ஆபத்து. சிபேப் மாஸ்க்ல சின்ன ஓட்டைகள் இருக்கும். நாம விடுற கரியமில வாயு அது வழியாத்தான் வெளியே போகும். ஆஸ்பத்திரி வென்டிலேட்டருக்கான மாஸ்க்ல அந்த ஓட்டை கிடையாது. நீல முழங்கை பெரும்பாலும் அதுக்கான அடையாளம். அதை வீட்டு சிபேப்ல மாட்டினா, விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியதுதான். மெஷின் பழசா இருக்கலாம். மாஸ்க் புதுசு வாங்குங்க. முக அளவும் ஆளுக்கு ஆள் மாறும்.

ரெண்டாவது: ரீகால்

2021 ஜூன்ல பிலிப்ஸ் நிறுவனம் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உட்பட பல மெஷின்களைத் திரும்பப் பெறுவதா அறிவிச்சது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வச்ச ஃபோம் நாளடைவில் சிதைஞ்சு, துகளோ வாயுவோ காத்துப்பாதையில வரலாம்கிறது காரணம். அதிக வெப்பமும் ஈரப்பதமும் அதைக் கூட்டலாம். நம்ம ஊருக்கு இது முக்கியம். ஓசோன் வச்சுச் சுத்தம் செய்யற கருவிகளும் ஃபோமைக் கெடுக்கும்னு சொன்னாங்க. அதனால விலை எவ்வளவு மலிவா இருந்தாலும், அடியில இருக்கிற சீரியல் நம்பரை போட்டோ எடுத்து, அந்த நிறுவனத்தின் ரீகால் பக்கத்துல தேடின பிறகுதான் பேரம் பேசணும். நம்பர் ஸ்டிக்கர் கிழிஞ்சிருந்தா கிளம்பிடுங்க.

மூணாவது: ஓடின மணிநேரம்

பழைய பைக்குக்குக் கிலோமீட்டர் மாதிரி, இதுக்கு மணிநேரம். தினம் 8 மணி ஓடினா வருஷத்துக்கு 2,920 மணி. ஏர்சென்ஸ் 10 கையேட்டுல மெஷினோட வடிவமைப்பு ஆயுள் 5 வருஷம்னு போட்டிருக்கு; கணக்குப் போட்டா சுமார் 14,600 மணி. காத்துக் குழாய்க்கு 6 மாசம்தான். அதனால குழாய், ஃபில்டர், தண்ணீர்த் தொட்டி மூணையும் புதுசுன்னு முடிவு பண்ணி, அந்தச் செலவையும் கூட்டிட்டு விலை பேசுங்க. சிகரெட் வாசனை அடிச்சா வேண்டாம். அது உள்ளே இறங்கிடும். காத்து நுழையற இடத்துல டார்ச் அடிச்சுப் பாருங்க. கரப்பான் எச்சம் இருந்தாலும் வேண்டாம்.

நாங்க வாங்கினது திருப்பூர்ல. ஒரு அக்கா விக்கிறாங்க. ஆட்டோசெட், 3,100 மணி, இருபத்திரண்டாயிரம். அப்பா குழாயைக் கழட்டி, மெஷினை ஓடவிட்டு, அதுகிட்ட காதை வச்சார். ரெண்டு நிமிஷம் ஒருத்தரும் பேசல. "பேரிங் சுத்தமா இருக்குதுங்க" என்றார். நான் பிரிண்ட் எடுத்துட்டுப் போன செக்லிஸ்ட்ல அந்தச் சோதனையே இல்ல!

நாலாவது: கார்டு

வீட்டுக்கு வந்ததும் மெஷின்ல இருந்த எஸ்டி கார்டை லேப்டாப்ல போட்டேன். ஆஸ்கர்னு ஒரு இலவச, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கு. ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை மணி நேரம், மூச்சு எப்ப நின்னுச்சு, மாஸ்க் எங்க கசிஞ்சதுன்னு படமாக் காட்டும். கார்டு காலின்னு நினைச்சேன். ஒரு வருஷத்துக்கும் மேல டேட்டா இருந்துச்சு. அந்த அக்காவோட அப்பா. ஒரு ராத்திரிகூட விடாம போட்டிருக்கார், ஒரு வியாழக்கிழமை வரைக்கும். அதுக்கப்புறம் எதுவும் இல்ல.

மூடி வச்சிட்டு அக்காவுக்குப் போன் பண்ணேன். அழிச்சிடட்டுமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "எனக்கு அனுப்பிடறியா தம்பி?" என்றாங்க. கூரியர்ல அனுப்பிட்டு, புதுக் கார்டு வாங்கிப் போட்டேன். நீங்க விக்கிறவரா இருந்தா கார்டை எடுத்துக்கோங்க. வாங்கறவரா இருந்தா முதல்ல கேளுங்க. சில மெஷின் பழைய உரிமையாளரோட ஆப்புடன் இணைஞ்சிருக்கும். அதையும் பிரிச்சுக் கொடுக்கச் சொல்லுங்க.

நான் செஞ்ச தப்பு

மெஷின் கையில வந்ததும், இன்ஜினியர் மூளை சும்மா இருக்கல. ஆட்டோதானே, அதுவே பார்த்துக்கும்னு 4-லிருந்து 20 வரைக்கும் முழுசாத் திறந்து விட்டேன். முதல் ராத்திரி அப்பா இருபது நிமிஷத்துல மாஸ்க்கைப் பிடுங்கிட்டார். "மூச்சு முட்டுது கண்ணு." ரெண்டாவது ராத்திரியும் அப்படியே. மூணாவது நாள் மெஷின் பரண்ல ஏறிடுச்சு. அம்மா மறுபடி எண்ண ஆரம்பிச்சாங்க.

டாக்டர்கிட்ட ஒத்துக்கிட்டேன். அவர் திட்டல. சிலருக்கு 4 அழுத்தத்துல போதுமான காத்தே வராத மாதிரி இருக்கும். ஆட்டோ தேவையான அளவுக்கு ஏறுறதுக்குள்ள ஆள் எந்திரிச்சிடுவார் என்றார். அப்பாவோட ஸ்டடியைப் பார்த்து குறைந்தபட்சத்தை 8-க்கும், அதிகபட்சத்தை 14-க்கும் மாத்தினார். இது அப்பாவோட எண். உங்க எண் வேற. இதைப் பார்த்து வச்சுக்காதீங்க. நான் மிச்சம் பிடிச்ச பணத்துல ஒரு கன்சல்டேஷன் ஃபீஸை முதல்லயே ஒதுக்கியிருந்தா, அந்த மூணு ராத்திரி போயிருக்காது.

ஒரு மாசம் கழிச்சு கார்டைப் பார்த்தேன். ஏ.ஹெச்.ஐ. 3.4. கரன்ட் போனா வீட்டு இன்வெர்ட்டர்ல ஓடுது. அப்பா தினம் காலையில துணியால துடைச்சு, தொட்டித் தண்ணியை மாத்தி வைக்கிறார். டிஸ்டில்டு வாட்டர் கேனை கடை பேட்டரிக்கு வாங்கறதோட சேர்த்தே வாங்கிடறார்.

சுருக்கமா

ஸ்லீப் ஸ்டடியும் டாக்டர் சீட்டும் இல்லாம பழசோ புதுசோ வாங்காதீங்க. இதய நோயோ நுரையீரல் நோயோ சேர்ந்து இருந்தா, எந்த வகை மெஷின்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும். நேர்ல போய், மெஷினை ஓடவிட்டுப் பார்க்காம பணம் அனுப்பாதீங்க. சீரியல் நம்பர், மணிநேரம், வாசனை, சத்தம், இந்த நாலும் சரியா இருந்தா, பழைய மெஷின் தாராளமா வேலை செய்யும்.

அம்மாகிட்ட இப்ப எப்படித் தூங்கறீங்கன்னு கேட்டேன். "அந்த மெஷின் சத்தமே இல்லாம ஓடுதா, முதல் ஒரு வாரம் எனக்குத்தான் தூக்கம் வரல" என்றாங்க.

அடுத்த எபிசோட்ல சாஃப்ட்வேருக்குத் திரும்பிடுவோம். நல்லாத் தூங்குங்க.