ஹெய்ட்டியைப் பார்த்திராதவர்கள் அந்நாட்டுக்கு வரைபடம் போட்டது எப்படி?

2010 ஜனவரி 12 அன்று நிலநடுக்கத்தில் ஹெய்ட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் இடிந்தது. உதவ வந்தவர்களிடம் மருந்து இருந்தது, உணவு இருந்தது. எந்தத் தெரு எங்கே போகிறது என்று விவரமாகக் காட்டும் வரைபடம் இல்லை.

அதை வரைந்தவர்கள் யார் தெரியுமா? பல நாடுகளில் தம் வீட்டுக் கணினி முன் உட்கார்ந்திருந்த 600க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள்.

எப்படி முடிந்தது? கோலப் புத்தகத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் படியெடுப்போமே, அதே வேலைதான். செயற்கைக்கோள் படங்களை நிறுவனங்கள் இலவசமாகக் கொடுத்தன. அவற்றின் மேல் சாலைக்கு ஒரு கோடு, வீட்டுக்கு ஒரு கட்டம் வரைந்தால், ‘ஓபன்ஸ்ட்ரீட்மேப்’ என்ற பொது வரைபடத்தில் சேர்ந்துவிடும்.

ஒரே தெருவை இருவர் வரைந்துவிட்டால்? அதற்காக, இப்போது ஊரைச் சிறு சதுரங்களாக்கி ஆளுக்கொன்றாகப் பிரித்துத் தருகிறார்கள். வரைந்ததை அனுபவசாலி ஒருவர் சரிபார்க்கிறார்.

ஆனால் வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு கூரை பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா என்று எப்படித் தெரியும்? உள்ளூர்க்காரர்கள் நடந்துபோய்ப் பார்த்துக் குறித்தால்தான் உண்டு. இந்தப் பணியின் உயிர்நாடி அவர்கள்தான் என்பேன். நேபாளத்தில் ‘காத்மாண்டு லிவிங் லேப்ஸ்’ என்ற அமைப்பு இதை முன்கூட்டியே செய்துவந்தது. 2015 ஏப்ரலில் அங்கே பூமி குலுங்கியபோது, காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் ஏற்கெனவே வரைபடத்தில் இருந்தன!

செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து 2014இல் தொடங்கிய ‘மிஸ்ஸிங் மேப்ஸ்’ திட்டமும், பேரிடர் வருமுன்பே வரைகிறது. இணைய வசதியுள்ள கணினி இருந்தால், நீங்களும் ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்ளலாம்.