போன மின்சாரம் எந்த வழியாகத் திரும்பும்?

1910 மார்ச்சில் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு விமானம் எழும்பியது. ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து அப்போது ஏழு வருஷம்கூட நிறைந்திருக்கவில்லை. அதைக் கட்டியவர் பொறியாளர் அல்ல. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், பிரான்சின் கார்சிகா தீவுக்காரர். வடிவம் அவருடைய யோசனை. கைவேலை, வண்டி கட்டுவதில் பேர் வாங்கிய சிம்சன் கம்பெனியுடையது. ஒரு தனி மனிதர் ஆசைப்பட்டுத் தானே விமானம் கட்டிக்கொள்வது என்ற பைத்தியம் இந்த மண்ணில் அங்கே ஆரம்பித்தது.

அவருக்கு ஒரு தலைவலி மட்டும் இல்லை. விமானத்தில் ரேடியோ கிடையாது. ஆனால், தெரிந்தோ தெரியாமலோ ஒரு ஒலிபரப்பு நிலையத்தையே அவர் சுமந்துகொண்டு பறந்திருக்கிறார். பெட்ரோல் எஞ்சின் தீப்பொறியால் ஓடுவது. காற்றிடைவெளியில் மின்பொறி தாவினால் ரேடியோ அலை பிறக்கும் என்று 1887இல் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் கண்டுபிடித்தது இதே பொறியை வைத்துத்தான். கல்கத்தாவில் ஜெகதீஷ் சந்திர போஸ் எட்ட நின்று மணி அடிக்க வைத்ததும், மார்க்கோனி கடல் தாண்டித் தந்தி அனுப்பியதும் அப்படிப்பட்ட பொறியால்தான். பழைய ஸ்கூட்டர் வாசலில் போனால் வீட்டு ரேடியோ கரகரக்கும், பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால் டிவியில் புள்ளி பறக்கும். இதெல்லாம் ஹெர்ட்ஸின் ஆய்வுக்கூடம் தெருவுக்கு வந்த கதை.

இன்று சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். மும்பை காந்திவலியில் அமோல் யாதவ் என்ற விமானி, குடியிருப்பின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானம் கட்டினார். 2017இல் அதற்குப் பதிவு எண்ணும் கிடைத்தது. பெங்களூரின் ராஜ்ஹம்ஸா நிறுவனம் எக்ஸ்-ஏர் என்ற குட்டி விமானத்தை உதிரிகளாகவே பெட்டியில் அடைத்து பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் அனுப்பியது. இறக்கையைச் செய்வதும் எஞ்சினைப் பொருத்துவதும் இவர்களுக்கு ஒரு மாதிரி பழகிவிடும். கடைசியில் ஹெட்செட்டை மாட்டி ரேடியோவைத் திறக்கும்போதுதான் ஒரு ஊளைச் சத்தம் காதில் இறங்கும்.

இரைச்சலைக் கேட்டே அது யாருடையது என்று பாதி சொல்லிவிடலாம். எஞ்சின் வேகம் ஏற ஏற சுருதியும் ஏறினால் அது ஆல்டர்னேட்டர். பன்னிரண்டு காந்த முனை கொண்ட ஆல்டர்னேட்டர் நிமிஷத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் நொடிக்கு 600 அலை உண்டாகும். மூன்று ஃபேஸ், ஆறு டயோடு வழியாக அது நேர்மின்சாரமாக மாறும்போது 3,600 ஹெர்ட்ஸில் மெல்லிய சிற்றலை மிஞ்சும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடமும் ஏறத்தாழ அதுவே. நொடிக்கு ஒரு தடவை கீழிருந்து மேலே இழுத்துப் பாடி நின்றால், இறக்கை நுனியில் மின்னும் பழைய ஸ்ட்ரோப் விளக்கு தன் கெப்பாசிட்டரை நிரப்பிக்கொள்கிறது. எஞ்சினோடு சேர்ந்து படபடத்தால், அதற்குப் பொறி தரும் மேக்னெட்டோ. ஒரே சீராக உஸ்ஸென்று வந்து தூரத்துக் குரலை மட்டும் விழுங்கினால், யாரோ மலிவான யுஎஸ்பி சார்ஜரைச் செருகியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

இதற்கெல்லாம் விமான ரேடியோவும் இடம் கொடுக்கிறது. 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை விமானிகள் பேசுவது எஃப்எம் அல்ல, பழைய ஏஎம் முறை. காரணம் நல்ல காரணம்: எஃப்எம்மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வலுத்தவர் குரல் இளைத்தவரை அடியோடு மறைத்துவிடும். ஏஎம்மில் இரண்டும் கலந்து கீச்சென்று கேட்கும். இன்னொருவரும் பேசப் பார்க்கிறார் என்று டவருக்குப் புரிந்துவிடும். உயிர் காக்கும் அந்த வசதிக்கு விலை, பொறியின் கரகரப்பையும் சேர்த்துக் கேட்பது.

இரைச்சல் வானத்திலிருந்து ஆன்டெனா வழியாக வருகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஒரு சின்னச் சோதனை போதும். ரேடியோவின் ஒலியளவைச் சுத்தமாகக் குறையுங்கள். ஊளை அப்படியே இருந்தால் ஆன்டெனாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வயர் வழியாகவே காதுக்கு வருகிறது. பெரும்பாலும் வயர்தான். அதிலும் போகிற வயர் அல்ல, திரும்புகிற வயர்.

பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போகும் வயரை எல்லோரும் கவனமாகப் போடுகிறார்கள். ஃபியூஸ் உண்டு, சுவிட்ச் உண்டு, நிறம் உண்டு. விளக்கிலிருந்து திரும்பும் மின்சாரத்துக்கு மட்டும் 'எர்த்தில் கொடுத்துவிடு' என்பதோடு முடித்துக்கொள்கிறோம், அந்த எர்த் அடியில்லாத குளம்போல எதையும் வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கை தவறு. விமானத்தின் எர்த்தும் ஓர் உலோகத் துண்டு. அதற்கும் மின்தடை உண்டு. ஒன்றரை மீட்டர் வயரின் தடை 0.02 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எட்டு ஆம்பியர் விளக்கு மின்சாரம் திரும்பினால் இரு முனைக்கும் இடையே 0.16 வோல்ட் வித்தியாசம். விளக்குக்கு இது தூசி. ஆனால் அதே வயரில் ஹெட்செட்டின் எர்த்தையும் சேர்த்துக் கட்டியிருந்தால், காதுக்குப் போகும் குரலே சில நூறு மில்லிவோல்ட் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். விளக்கு சீராக எரிந்தால் காதுக்குத் தெரியாது. மின்னி மின்னி அணைந்தால் ஒவ்வொரு மின்னலும் குரலின் மேல் ஏறி உட்காரும்.

புதுச்சேரியைச் சேர்ந்த காலாப்பட்டில் இருக்கிறவர்களுக்கு இதை எளிதாகப் புரியவைக்கலாம். இங்கிருந்து ஈசிஆரில் புதுச்சேரி டவுனுக்குப் போனால் நடுவில் கோட்டக்குப்பம் வரும், அது தமிழ்நாடு. மண் ஒரே மண்தான், கடலும் ஒன்றுதான், ஆனால் பெட்ரோல் பங்கில் விலை மாறிவிடும். எர்த்தும் அப்படி. விமானத்தின் மூக்கில் ஒரு இடத்தைத் தொட்டு இதுதான் பூஜ்யம் என்றால், வாலில் இருக்கும் பூஜ்யம் வேறு கணக்கில் இருக்கும். இரண்டையும் நம்பி ஒரே கருவியை இரு இடத்தில் எர்த் செய்தால், அந்த வித்தியாசம் கருவியின் வழியாகவே ஓட ஆரம்பிக்கும்.

விமானம் கட்டுகிறவர்களிடையே பாடநூல்போலப் புழங்கும் ஏரோ எலக்ட்ரிக் கனெக்‌ஷன் புத்தகத்தை எழுதிய அமெரிக்கர் பாப் நக்கல்ஸ் இதற்குச் சொல்லும் வழி, எல்லாத் திரும்பு வயர்களையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது. எஞ்சினுக்கும் விமானி இருக்கைக்கும் நடுவே நெருப்புத் தடுப்புச் சுவர் இருக்கும். அதில் ஒரு பித்தளைத் தகடு, தகட்டில் வரிசையாக நாக்குகள். ஒவ்வொரு கருவியின் எர்த்தும் தனித்தனியாக வந்து ஒரு நாக்கில் மாட்டிக்கொள்ளும். விளக்கின் மின்சாரம் குரலின் பாதையில் கால் வைக்காது. இரைச்சல் கேட்டவுடன் கடைக்கு ஓடி ஃபில்டர் வாங்கி மாட்டுவதைவிட இதுவே மேல் என்பது என் கட்சி. ஃபில்டர் மாட்டினால் சில சமயம் குறையும். ஏன் குறைந்தது என்று தெரியாததால் அடுத்த மாதம் திரும்ப வரும்.

ஹெட்செட் செருகும் ஜாக்கில் இன்னொரு வேடிக்கை. ஜாக்கின் உடம்பே அதன் எர்த். உலோகப் பலகையில் துளை போட்டு அப்படியே இறுக்கினால், நாம் கேட்காமலேயே அது விமானத்தின் உடம்போடு சேர்ந்துவிடும். ரேடியோவிலிருந்து வரும் தன் சொந்த எர்த் ஒரு பக்கம், பலகையின் எர்த் மறு பக்கம். இரண்டுக்கும் நடுவே வளையம் உண்டாகி ஊளையிடும். தீர்வு, ஃபைபரில் செய்த இரண்டு சின்ன வாஷர். லட்சக்கணக்கில் செலவழித்த விமானத்தின் இரைச்சல் சில ரூபாய் வாஷரில் நின்றுபோவது இந்த உலகில் அடிக்கடி நடப்பது.

திரும்பும் வழி காதை மட்டும் ஏமாற்றுவதில்லை, திசைகாட்டியையும் ஏமாற்றும். புதுச்சேரிப் பக்கம் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறையக் கிடைமட்டமாகவே இருக்கிறது, சுமார் 40 மைக்ரோடெஸ்லா. பத்து ஆம்பியர் ஓடும் ஒற்றை வயர் திசைகாட்டிக்கு 20 செண்டிமீட்டர் தள்ளி இருந்தால், அந்த இடத்தில் அது உண்டாக்கும் காந்தப்புலம் 10 மைக்ரோடெஸ்லா. பூமியின் காந்தத்துக்குக் குறுக்கே அது இழுத்தால் முள் சுமார் 14 டிகிரி விலகும். நூறு கிலோமீட்டர் பறந்தால் இருபத்தைந்து கிலோமீட்டர் தப்பான ஊர். ஆனால் போகும் வயரையும் திரும்பும் வயரையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோனால், இரண்டின் காந்தப்புலமும் எதிரெதிராகி ஏறக்குறைய அழிந்துவிடும். மின்சாரம் அதே பத்து ஆம்பியர்தான். மந்திரம்போலத் தோன்றும் இதைச் செய்ய ஆகும் செலவு ஒரு வயர் கூடுதலாக.

அமெரிக்காவில் பர்ட் ருட்டன் 1970களில் வடிவமைத்த வேரிஈஸி, லாங்ஈஸி விமானங்கள் வந்தபோது இந்த விஷயம் இன்னும் கூர்மையானது. அவை நுரையும் கண்ணாடியிழையுமாய்ச் செய்தவை. உடம்பில் உலோகமே இல்லை, ஆகவே திரும்புவதற்கு இலவச வழியும் இல்லை. எஞ்சின் பின்னால், எடை சமன் செய்யப் பேட்டரி முன்னால். நீளம் முழுக்கக் கம்பி இழுத்தே தீர வேண்டும். அதில் ஒரு லாபமும் கிடைத்தது. ரேடியோ அலை கண்ணாடியிழையைத் தாண்டிப் போகும் என்பதால், செப்பு நாடாவை உடம்புக்குள்ளேயே ஒட்டி ஆன்டெனா ஆக்கிக்கொண்டார்கள். வெளியே துருத்திக்கொண்டு காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை.

கடற்கரையில் விமானம் வைத்திருக்கிறவருக்கு இன்னொரு கவலை கூடுதல். அலுமினியத் தகட்டில் வயர் முனையின் செம்பு லக்கை இறுக்கி, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு சிறு பேட்டரி. அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகும். நேற்று வரை சுத்தமாக இருந்த எர்த் இணைப்பு இன்று சில மில்லிஓம் கூடிப்போகும். புதிதாக எதையும் மாட்டாமலே பழைய ஊளை திரும்பிவரும். பெரிய காலாப்பட்டிலும் பிள்ளைச்சாவடியிலும் படகுக்கு மோட்டார் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் வைத்தியம் சொல்வார்கள்: பெயின்ட்டைச் சுரண்டி, தேய்த்துப் பளபளப்பாக்கி, இறுக்கி, மேலே கிரீஸ் பூசு. விமானப் புத்தகங்கள் அதையே இன்னும் நாலு பக்கத்தில் சொல்கின்றன.

மேக்னெட்டோவின் சுவிட்ச் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எல்லாவற்றையும் தலைகீழாக்குகிறது. வீட்டு விளக்கை அணைக்கத் தொடர்பைத் துண்டிக்கிறோம். மேக்னெட்டோவை நிறுத்த, அதிலிருந்து வரும் வயரை எர்த்தோடு சேர்க்கிறோம். அந்த வயர் எங்காவது அறுந்தால் சுவிட்ச் அணைந்ததாகக் காட்டும், மேக்னெட்டோ மட்டும் உயிரோடு இருக்கும். காற்றாடியைக் கையால் சுற்றிப் பார்க்கிறவர் ஆபத்தில் இருப்பார். கரகரப்பைத் தடுக்க அந்த வயரின் மேல் பின்னல் உறை போடுவார்கள். உறையின் ஒரு முனையை மேக்னெட்டோவின் உடம்பில் இறுக்கமாகச் சேர்த்தால்தான் அது உறை. விட்டுவிட்டால் இன்னொரு ஆன்டெனா.

மேக்னெட்டோவுக்கு வெளி மின்சாரம் தேவையில்லை. பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும். புதிய எஞ்சின்கள் அப்படியல்ல. ரோட்டாக்ஸ் 915 ஐஎஸ் போன்றவற்றில் எரிபொருளையும் பொறியையும் கம்ப்யூட்டர் கவனிக்கிறது. மின்சாரம் நின்றால் எஞ்சினும் நிற்கும். அதனால் அதற்குள் இரண்டு ஜெனரேட்டர்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று எஞ்சினுக்கு மட்டும், மற்றது ரேடியோவுக்கும் விளக்குக்கும். முதலாவது பழுதானால் இரண்டாவது எஞ்சின் பக்கம் போய்விடும், விமானி பேட்டரியை வைத்து ரேடியோவைச் சமாளிக்க வேண்டும். இப்படிப்பட்ட விமானத்தில் ஒரு தளர்ந்த எர்த் லக், ஹெட்செட்டில் ஊளையாக மட்டும் நின்றுவிடாது.